‘ரோமாக்களுக்கு எவ்வளவு செய்தாலும் பயனில்லை’ என்பது உண்மையா?

செக் குடியரசின் பிர்னோ நகரில் மென்பொருள் வேலையில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். கூட வேலை பார்க்கும் செக் நண்பர்கள் நல்ல மனிதர்கள். ஆனால் ஐரோப்பாவில் ‘ஜிப்சி’ என்று அழைக்கப்பட்டு வந்த ரோமா மக்களைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும், “அவர்களுக்கு எவ்வளவு செய்தாலும் பயனில்லை, பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்ப மாட்டார்கள், அரசு உதவித்தொகையில் காலம் தள்ளுகிறார்கள்” என்கிறார்கள். இந்த மக்கள் இந்தியாவிலிருந்து போனவர்கள் என்றும் அவர் படித்திருக்கிறார். இதில் எது உண்மை, கல்வியால் இந்த நிலையை மாற்ற முடியுமா, தன்னைப் போன்ற வெளியாள் ஏதாவது செய்யலாமா என்பது அவர் கேள்வி. பல கேள்விகளாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: ரோமா பிள்ளைகள் படிப்பில் பின்தங்குவதற்குக் காரணம் அவர்களுடைய குடும்பங்களா, பள்ளிகள் நடக்கும் விதமா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வறுமைக்குப் பெரிய பங்கு உண்டு. அதோடு சேர்ந்து, பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே தனியாகப் பிரித்து உட்கார வைக்கும் பழக்கம்தான் அவர்களைக் கீழே அழுத்துகிறது. அந்தப் பழக்கத்தை நேராகத் தொடாத எந்தத் திட்டமும், எவ்வளவு பணம் கொட்டினாலும், பெரிதாக எதையும் மாற்றியதில்லை.

நான் கல்வித் துறையில் பயிற்சி பெற்று, மத்திய ஐரோப்பாவில் பள்ளிச் சேர்க்கை சார்ந்த பணிகளில் பல ஆண்டுகள் இருந்து வருகிறேன். எனவே செக், ஸ்லோவாக்கியா, ஹங்கேரி, ருமேனியா, பல்கேரியா பற்றி உறுதியோடு பேச முடியும். பிரான்சிலோ பிரிட்டனிலோ நாடோடி வாழ்க்கை வாழும் குழுக்களின் பிரச்சினை வேறு மாதிரியானது. அதற்குள் நான் போகவில்லை. ரோமாக்களிலேயே மொழி, மதம், தொழில், வசதி எல்லாவற்றிலும் வேறுபட்ட பல குழுக்கள் இருக்கின்றன. நான் எழுதுவது வறுமையிலும் ஒதுக்கலிலும் வாழும் பெரும்பகுதியைப் பற்றி. அந்த மக்களிலும் மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், பேராசிரியர்கள் இருக்கிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் இந்திய உறவு. ரோமானி மொழி இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதில் மொழியியலாளர்களுக்குள் சந்தேகமே இல்லை. தண்ணீருக்குப் ‘பானி’, ஒன்று இரண்டுக்கு ‘எக், துய்’ என்று வட இந்திய மொழி தெரிந்தவர்களுக்கு உடனே பிடிபடும் சொற்கள் நிறைய. ஏழு, எட்டு, ஒன்பதுக்குக் கிரேக்கச் சொற்கள் வருவதால், கிரேக்க மொழி வழங்கிய பைசாந்தியப் பேரரசின் நிலப்பகுதியில் நெடுங்காலம் தங்கியிருந்தார்கள் என்றும் தெரிகிறது. மரபணு ஆய்வுகளும் வடமேற்கு இந்தியாவையே காட்டுகின்றன. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கிளம்பியிருக்க வேண்டும். ஏன் கிளம்பினார்கள், எந்தச் சமூகத்திலிருந்து கிளம்பினார்கள் என்பதெல்லாம் இன்னும் ஊகம்தான். இணையத்தில் நம்மவர்கள் அடிக்கடி எழுதும் ‘நம் நரிக்குறவர்களும் இவர்களும் ஒரே மக்கள்’ என்ற செய்தியையும் அந்த ஊகப் பட்டியலில்தான் வைக்க வேண்டும். நரிக்குறவர் பேசும் வாக்ரிபோலியும் இந்தோ-ஆரிய மொழி என்பது சரி. அதைத் தாண்டிய நேரடி உறவு நிறுவப்படவில்லை.

இப்போது “பள்ளிக்கு அனுப்ப மாட்டார்கள்” என்ற குற்றச்சாட்டு. இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இன்றைய ருமேனியாவின் பகுதிகளான மோல்டாவியாவிலும் வல்லாக்கியாவிலும் ரோமாக்கள் சில நூற்றாண்டுகள் அடிமைகளாக வாங்கி விற்கப்பட்டார்கள். 1855, 1856 ஆண்டுகளில்தான் அது முழுமையாக ஒழிந்தது. ஸ்பெயினில் 1749-இல் ஒரே நாளில் நாடெங்கும் அவர்களைச் சுற்றி வளைத்துச் சிறைப்பிடிக்க அரச ஆணை பிறந்தது. நீங்கள் இருக்கும் பகுதியை ஆண்ட ஹாப்ஸ்பர்க் பேரரசில், 18-ஆம் நூற்றாண்டில் மரியா தெரேசா அரசி ரோமாக்களை ‘நல்ல குடிமக்கள்’ ஆக்குகிறேன் என்று தொடங்கினார். அவர்களுடைய மொழி தடுக்கப்பட்டது. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிடுங்கி விவசாயக் குடும்பங்களில் வளர்க்க உத்தரவு போடப்பட்டது. கல்வி, சீர்திருத்தம் என்ற பெயரில்தான் அது நடந்தது. பிள்ளையின் படிப்பு பற்றிப் பேச அரசு அதிகாரி கதவைத் தட்டும்போது ஒரு ரோமாத் தாயின் முகம் ஏன் இறுகுகிறது என்று கேட்பவர்கள் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

அப்புறம் இனப்படுகொலை. நாஜிகளும் அவர்களுடைய கூட்டாளிகளும் கொன்ற ரோமா மக்கள், அவர்களின் ஜெர்மானியப் பகுதிக் கிளையான சிந்தி (Sinti) மக்கள் ஆகியோரின் எண்ணிக்கையை ஆய்வாளர்கள் 2 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை கணிக்கிறார்கள். பல இடங்களில் பதிவே இல்லாததால் இந்த இடைவெளி குறைவது கடினம். செக் நிலப்பகுதியில் மட்டும் நிலைமை தெளிவு: லெத்தியிலும், பிர்னோவுக்கு வடக்கே ஹொதொனீனிலும் முகாம்கள் இருந்தன, அங்கிருந்து குடும்பம் குடும்பமாக ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பினார்கள், போருக்குப் பின் திரும்பியவர்கள் சில நூறு பேர் மட்டுமே. லெத்தி முகாம் இருந்த இடத்தில் கம்யூனிச ஆட்சி பெரிய பன்றிப் பண்ணை அமைத்தது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு அரசு அதை விலைக்கு வாங்கி இடித்தது. நினைவகம் திறந்தது 2024-இல். நீங்கள் பிர்னோ தெருக்களில் பார்க்கும் ரோமாக் குடும்பங்களில் பெரும்பாலானவை போருக்குப் பின் ஸ்லோவாக்கியக் கிராமங்களிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்களின் வழி வந்தவை. 1989-இல் கம்யூனிச ஆட்சி விழுந்த பிறகு அந்தத் தொழிற்சாலைகள் மூடியபோது முதலில் வேலை போனதும் இவர்களுக்குத்தான். ஒரு தலைமுறைக்கு முன்வரை இவர்கள் உழைத்துச் சாப்பிட்டவர்கள் என்பதை, ‘உதவித்தொகையில் வாழ்கிறார்கள்’ என்று சொல்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

பள்ளிக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 2016-இல் வெளியிட்ட ஆய்வில், கட்டாயக் கல்வி வயதில் உள்ள ரோமா பிள்ளைகளில் ஏறத்தாழ பத்துக்கு ஒன்பது பேர் பள்ளியில் இருந்தார்கள். ஆக, ‘பள்ளிக்கே அனுப்புவதில்லை’ என்பது பெரும்பாலும் தவறு. எங்கே விடுபடுகிறார்கள் என்பதுதான் விஷயம். அதே முகமை 2021-இல் பத்து நாடுகளில் எடுத்த கணக்கைப் பாருங்கள். பாலர் பள்ளி வயதில் 44% ரோமா பிள்ளைகள்தான் சேர்ந்திருந்தார்கள்; ஒன்றியத்தின் பொதுச் சராசரி 93%. மேல்நிலைக் கல்வியை முடித்த 20 முதல் 24 வயதினர் 27%. பொதுச் சராசரி 84%. பத்தில் எட்டு ரோமாக்கள் வறுமை விளிம்பில். பள்ளியில் இருக்கும் பிள்ளைகளில் பாதிக்கு மேல், எல்லோரும் அல்லது பெரும்பாலோர் ரோமாக்களாகவே உள்ள பள்ளிகளில் படித்தார்கள். முந்தைய கணக்கை விட இந்தப் பிரிப்பு கூடியிருந்தது என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தந்த செய்தி. ஆக, நுழையும் வாசலிலும் வெளியேறும் வாசலிலும் பெரிய ஓட்டை. நடுவில் எட்டு ஒன்பது வருடம் பிள்ளை பள்ளியில்தான் இருக்கிறது. அந்த வருடங்களில் அங்கே என்ன நடக்கிறது?

இதற்கு நன்றாக ஆவணப்படுத்தப்பட்ட பதில் உங்கள் நாட்டிலேயே இருக்கிறது. ஓஸ்த்ராவா என்ற நிலக்கரி நகரம். 1990-களின் இறுதியில் அங்கே ரோமா பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள், அறிவுத்திறன் குறைந்தவர்களுக்கான ‘சிறப்புப் பள்ளி’களில் இருந்தார்கள். ஒரு ரோமா பிள்ளை அந்தப் பள்ளிக்குப் போகும் வாய்ப்பு மற்ற பிள்ளையை விட 27 மடங்கு அதிகம். ஒரு நகரத்தின் ஒரு இனத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மூளை வளர்ச்சி குறைவு என்று எந்த மருத்துவமும் சொல்லாது. ஆனால் தாள்கள் எல்லாம் சரியாக இருந்தன. ஆறு வயதில் உளவியலாளர் சோதனை வைப்பார். சோதனை செக் மொழியில், செக் நடுத்தர வீட்டுப் பிள்ளைகளை வைத்து அளவு நிர்ணயிக்கப்பட்டது. பாலர் பள்ளிக்குப் போகாத, பென்சிலைப் பிடித்துப் பழகாத, வீட்டில் வேறு மாதிரி பேசும் பிள்ளை அதில் குறைந்த மதிப்பெண் எடுக்கும். பெற்றோர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடுவார்கள். அவ்வளவுதான். அந்தப் பள்ளியின் பாடத்திட்டம் சுருக்கப்பட்டது. பின்னால் மனம் மாறினாலும் சாதாரணப் பள்ளியோடு ஒட்ட முடியாது. அங்கே முடித்தவர்களுக்குப் பெரும்பாலும் சில கைத்தொழில் பயிற்சிகள் தவிர வேறு வழி கிடையாது.

‘வீட்டில் வேறு மாதிரி பேசும்’ என்றேனே, அதற்கும் பள்ளியே காரணமாக இருந்திருக்கிறது. கம்யூனிசக் காலத்தில், வீட்டில் ரோமானி பேசாதீர்கள், செக் அல்லது ஸ்லோவாக் மொழி மட்டும் பேசுங்கள் என்று ஆசிரியர்கள் பெற்றோரிடம் வலியுறுத்தினார்கள். தங்களுக்கே சரியாக வராத மொழியில் பெற்றோர் பிள்ளைகளை வளர்த்தார்கள். பிள்ளைகள் ரோமானி இலக்கணத்தின் மேல் செக் சொற்களைப் போட்ட ஒரு கலப்பு மொழியோடு வகுப்புக்கு வந்தார்கள். அதை மந்தபுத்தி என்று படித்தது பள்ளி. இந்தி படித்த செக் அறிஞர் மிலேனா ஹூப்ஷ்மனோவா இதைப் பற்றி வாழ்நாள் முழுதும் பேசியவர். பிராகின் சார்ல்ஸ் பல்கலைக்கழகத்தில் 1991-இல் ரோமானி படிப்பைத் தொடங்கியவரும் அவரே.

ஓஸ்த்ராவாவின் 18 பிள்ளைகள் சார்பில் வழக்குப் போடப்பட்டது. செக் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் தோல்வி. ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் சிறிய அமர்விலும் 2006-இல் தோல்வி. பிறகு 2007 நவம்பர் 13 அன்று அதன் பேரமர்வு 13-க்கு 4 என்ற கணக்கில் பிள்ளைகள் பக்கம் தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, யாரும் வெறுப்போடு திட்டமிட்டார்கள் என்று காட்டத் தேவையில்லை. நடுநிலையாகத் தோன்றும் ஒரு முறை ஒரே இனத்தை மட்டும் இவ்வளவு பாதிக்கிறது என்று புள்ளிவிவரம் காட்டினால், அது பாகுபாடு அல்ல என்று நிரூபிக்க வேண்டியது அரசின் பொறுப்பு. மற்றொன்று, பெற்றோர் கையெழுத்துப் போட்டார்களே என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. போதிய தகவல் இல்லாமல் போட்ட கையெழுத்து. மேலும், பாகுபாட்டுக்கு ஆளாகாமல் இருக்கும் உரிமையை யாரும் எழுதிக் கொடுத்துவிட முடியாது.

அந்தக் கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது புரிவதில்லை. ‘அவர்களே விரும்பித்தானே சேர்த்தார்கள்’ என்பார்கள். நான் பேசிய தாய்மார்கள் சொல்லும் காரணம் எளிது. சாதாரணப் பள்ளியில் என் பிள்ளையின் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள், கேவலமாகப் பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள். சிறப்புப் பள்ளியில் அவனுடைய அக்கா இருக்கிறாள், மாமா பிள்ளை இருக்கிறான், டீச்சர் அதட்ட மாட்டார். ஆறு வயதுப் பிள்ளை அழாமல் இருக்க வேண்டும் என்று எந்தத் தாயும் நினைப்பாள். அந்த ஒரு முடிவின் விலை பதினைந்து வயதில்தான் தெரிகிறது.

தீர்ப்புக்குப் பின் என்ன ஆயிற்று? ‘சிறப்புப் பள்ளி’ என்ற பெயர் ஏற்கெனவே 2005-இல் சட்டத்திலிருந்து போயிருந்தது; கட்டடமும் பாடத்திட்டமும் பல இடங்களில் அப்படியே இருந்தன. உருப்படியான மாற்றம் 2016-இல் வந்தது: உதவி தேவைப்படும் பிள்ளையைச் சாதாரணப் பள்ளியிலேயே வைத்துக்கொண்டு, உதவியாசிரியர் போன்ற ஆதரவை அங்கேயே தர வேண்டும் என்ற விதி. 2017 முதல் பாலர் பள்ளியின் கடைசி ஆண்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயம். இவை நல்லவை. ஆனாலும் ரோமா பிள்ளைகள் மட்டுமே படிக்கும் பள்ளிகள் இன்றும் இருக்கின்றன. இப்போது பிரிப்பு சோதனைத்தாளால் நடப்பது குறைந்து, குடியிருப்பாலும் மற்றப் பெற்றோர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றுவதாலும் நடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் இந்தப் பிரிப்புக்காகச் செக் மீது 2014-இலும், ஸ்லோவாக்கியா மீது 2015-இலும், ஹங்கேரி மீது 2016-இலும் நடவடிக்கை தொடங்கியது. 2023-இல் ஸ்லோவாக்கியாவை ஒன்றிய நீதிமன்றத்துக்கே கொண்டுபோனது.

‘சரி, பள்ளியைக் குறை சொல்கிறீர்கள், வீட்டுச் சூழலுக்குப் பங்கே இல்லையா?’ உண்டு, அதை மறைத்துப் பயனில்லை. ஹங்கேரியப் பொருளியலாளர்கள் காபோர் கெர்தெஷியும் காபோர் கேஸ்தியும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு எனக்குத் தெரிந்ததில் மிகத் தெளிவானது. எட்டாம் வகுப்பில் ரோமா பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் மதிப்பெண்ணில் பெரிய இடைவெளி இருந்தது. பெற்றோரின் படிப்பு, வருமானம், பிள்ளையின் உடல்நலம், வீட்டில் புத்தகம் வாசித்துக் காட்டும் பழக்கம், படிக்கும் பள்ளி, வகுப்பு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்ததும் வாசிப்பில் அந்த இடைவெளி மறைந்துவிட்டது. கணிதத்தில் சிறிதளவே மிஞ்சியது. அதாவது அதே வறுமையில், அதே பள்ளியில் படிக்கும் மற்ற ஹங்கேரியப் பிள்ளையும் ஏறக்குறைய அதே மதிப்பெண்தான் எடுக்கும். ‘அவர்கள் கலாசாரமே அப்படி’ என்ற விளக்கத்துக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

இனி எது பலன் தந்திருக்கிறது என்று பார்ப்போம். நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, பாலர் பள்ளிக்கான செலவை எடுத்துவிட்டால் பிள்ளைகள் வருவார்கள் என்பது. பல்கேரியாவில் ஏழைக் குடியிருப்புகளை வைத்துப் பெரிய அளவில் ஒரு சோதனை நடந்தது. கட்டணத்தை நீக்கிய ஊர்களில் சேர்க்கை தெளிவாகக் கூடியது. அதன் மேல் வருகைக்குப் பரிசுக் கூப்பன் கொடுத்ததில் பெரிதாக எதுவும் கூடவில்லை. பெற்றோருக்கு அக்கறை இல்லை, அதனால் ஆசை காட்டி இழுக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு இது நல்ல பதில். தடையாக இருந்தது பணம். தடை போனதும் வந்தார்கள். பின்னர் அந்த நாடு பாலர் பள்ளிக் கட்டணத்தையே ஒழித்துவிட்டது.

அடுத்தது, ஒரே வகுப்பில் உட்கார வைப்பது. இதே பல்கேரியாவின் விதின் நகரில் ரோமா அமைப்பு ஒன்று 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய வேலையை இந்தத் துறையில் எல்லோரும் மரியாதையோடு சொல்வார்கள். நகரத்தின் ஓரத்தில் ரோமா குடியிருப்பு. அங்கேயே ‘ரோமா பள்ளி’ ஒன்று. அந்தப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி நகரத்துப் பள்ளிகளில் பரப்பிச் சேர்த்தார்கள். பேருந்தில் குடியிருப்பைச் சேர்ந்த பெரியவர்கள் கூடவே போனார்கள், இடைவேளையில் பிள்ளைகள் கண்ணில் படும்படி இருந்தார்கள், பின்தங்கும் பாடத்துக்கு மாலையில் உதவினார்கள். பேருந்து மட்டும் விட்டிருந்தால் ஒரே மாதத்தில் பிள்ளைகள் திரும்பியிருப்பார்கள் என்பது என் கருத்து. ஹங்கேரியிலும் 2003-க்குப் பிறகு இணைப்புத் திட்டம் ஒன்று நடந்தது. ரோமா பிள்ளைகளைக் கலந்து வைத்து, ஆசிரியர்களுக்குக் குழுவாகக் கற்பிக்கும் முறையில் பயிற்சி கொடுத்த பள்ளிகளை மற்றப் பள்ளிகளோடு ஒப்பிட்டார்கள். ரோமா பிள்ளைகள் முன்னேறினார்கள். மற்றப் பிள்ளைகளும் முன்னேறினார்கள். ‘எங்கள் பிள்ளை படிப்பு கெட்டுவிடும்’ என்று பயப்படும் பெற்றோரிடம் காட்ட வேண்டிய ஆய்வு இது. ஆனால் ஆட்சி மாறியது, அக்கறை போனது. விரும்பிய பள்ளியில் சேர்க்கலாம் என்ற விதியைப் பயன்படுத்தி வசதியான பெற்றோர் நகர்ந்தார்கள். ஜியோங்யோஷ்பாதா என்ற ஊரில் ரோமா பிள்ளைகளைத் தனி வகுப்பில் வைத்துத் தரம் குறைந்த கல்வி கொடுத்ததற்காக, 2020-இல் ஹங்கேரியின் உச்ச நீதிமன்றம் அந்தப் பிள்ளைகளுக்குப் பண இழப்பீடு வழங்கச் சொன்னது. அப்போது பிரதமராக இருந்த ஓர்பான் அந்தத் தீர்ப்பை வெளிப்படையாகவே எதிர்த்துப் பேசினார்.

பள்ளி இணைப்பாளர்கள் என்று ஒரு பணி ருமேனியாவில் வேரூன்றி மற்ற நாடுகளுக்கும் பரவியிருக்கிறது. குடியிருப்பிலேயே பிறந்து வளர்ந்த ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண், பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில் நிற்கிறார். பிள்ளை ஏன் வரவில்லை என்று ஆசிரியருக்குச் சொல்வார், ஆசிரியர் சொன்னதன் பொருளைத் தாய்க்குச் சொல்வார், ஷூ இல்லையென்றால் எங்கே கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். இந்தப் பணி எங்கே நிலையான சம்பளத்தோடு இருக்கிறதோ அங்கே வருகை கூடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பல இடங்களில் திட்டப் பணம் தீர்ந்ததும் இவர்களைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள். அதிகாரிகள் கூட்டத்தில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் உயர்ந்துவிடும். ஒரு தாயின் நம்பிக்கையைச் சம்பாதிக்க வருடங்கள் ஆகின்றன. நிதியாண்டு முடிந்தது என்று அதைக் கலைப்பது கொடுமை. ஸ்பெயினில் ரோமா அமைப்புகள் நடத்தும் வழிகாட்டித் திட்டங்கள் நீண்ட காலம் ஒரே முகங்களோடு ஓடியிருக்கின்றன. அங்கே தொடக்கப் பள்ளிச் சேர்க்கை கிட்டத்தட்ட முழுமையை எட்டியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கருத்து வேறுபாடு உள்ள இடம் ஒன்று: ரோமாக்களுக்கென்றே நடக்கும் பள்ளிகள். ஹங்கேரியின் பேச் நகரில் 1994-இல் காந்தி பெயரில் ஒரு மேல்நிலைப் பள்ளி தொடங்கினார்கள். ரோமானியும், அங்குள்ள ரோமாக் குழு ஒன்று பேசும் பெயாஷ் மொழியும் கற்பித்து, பல்கலைக்கழக நுழைவுக்குத் தேவையான தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறார்கள். ஷாயோகாசா என்ற ஏழைச் சுரங்க ஊரில், இடையில் படிப்பை விட்ட ரோமா இளைஞர்களுக்காக 2007-இல் அம்பேத்கர் பெயரில் ஒரு பள்ளி. மகாராஷ்டிரத்துக்கு வந்து தலித் இயக்கத்தை நேரில் பார்த்தவர்கள் அதை நடத்துகிறார்கள். ‘ஜெய் பீம்’ என்பதுதான் அவர்களுடைய அமைப்பின் பெயரே. தனிப்பள்ளி கூடாது என்று சொல்லிவிட்டு இதை எப்படி ஆதரிக்கலாம் என்று கேட்பவர்கள் உண்டு. என் அளவுகோல் இரண்டு. முழுப் பாடத்திட்டம் இருக்கிறதா? பிள்ளை வளர்ந்து தானே தேர்ந்து வந்ததா? ஆறு வயதில் யாரோ தள்ளிவிட்ட பள்ளியும், பதினாறு வயதில் தானே தேடி வந்த பள்ளியும் ஒன்றாகாது. ஆனாலும் இந்தத் துறையில் நான் மதிக்கும் சிலர் இதை ஏற்பதில்லை. தொடக்கக் கல்வியில் தனிப்பள்ளி கூடாது என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்றுபடுகிறோம்.

ருமேனியா 1990-களிலிருந்து பல்கலைக்கழகங்களிலும் பிறகு மேல்நிலைப் பள்ளிகளிலும் ரோமாக்களுக்குத் தனி இடங்கள் ஒதுக்குகிறது. அதன் வழியாக ரோமா ஆசிரியர்கள், சமூகப் பணியாளர்கள், அரசு அலுவலர்கள் என ஒரு தலைமுறையே உருவாகியிருக்கிறது. நம் ஊர் இடஒதுக்கீட்டு விவாதத்தில் கேட்கும் அத்தனை எதிர்ப்பும் அங்கேயும் உண்டு. என்னைக் கேட்டால் அது தொடர வேண்டும், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. ஐந்தாம் வகுப்பிலேயே பாதை அடைபட்ட பிள்ளைக்குப் பல்கலைக்கழக இடம் எட்டாது.

உறுதி குறைவாகச் சொல்ல வேண்டிய பகுதி, படிப்புக்குப் பின் வேலை. படித்த ரோமா இளைஞர் படிக்காதவரை விட நன்றாக வாழ்கிறார், அதில் ஐயமில்லை. ஆனால் அதே சான்றிதழ் உள்ள மற்றவருக்குக் கிடைக்கும் வேலை இவருக்குக் கிடைப்பது கடினம். பெயரையும் முகத்தையும் பார்த்து ‘இடம் நிரம்பிவிட்டது’ என்று சொல்வது சாதாரணம். இதைப் பார்த்து வளரும் தம்பிக்குப் படிப்பில் நம்பிக்கை குறையத்தான் செய்யும். பள்ளி எவ்வளவு சரியானாலும் வேலைச் சந்தை மாறாவிட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதில் ஆய்வாளர்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. ஸ்பெயினில் 2000-இல் தொடங்கிய ‘அக்செதேர்’ திட்டம், வழிகாட்டிகளை நேரே நிறுவனங்களிடம் அனுப்பி ரோமாக்களுக்கு வேலை பேசி முடிப்பது, எனக்கு நம்பிக்கை தரும் மாதிரி. எண்ணிக்கைகளிலும் எச்சரிக்கை வேண்டும்: செக் நாட்டில் 2021 மக்கள்தொகைக் கணக்கில் சுமார் 21,000 பேர்தான் தங்களை ரோமா என்று பதிந்தார்கள், உண்மையில் சுமார் 2.5 லட்சம் பேர் இருக்கலாம் என்பது அரசுத் தரப்பின் மதிப்பீடு. பலர் பயந்து சொல்லாமல் விட்டிருக்கலாம். அதனால் ‘இத்தனை சதவீதம்’ என்று எங்கே படித்தாலும், யாரை எப்படி எண்ணினார்கள் என்று கேளுங்கள்.

பணம் பற்றி உங்கள் நண்பர்கள் சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. ஒன்றியப் பணம் நிறைய வந்தது, பலன் குறைவு. ஆனால் அந்தப் பணத்தில் குடியிருப்பின் ஓரத்திலேயே ரோமா பிள்ளைகளுக்கு மட்டும் புதுப் பள்ளி கட்டினால், பழைய பிரிப்புக்குப் புதுச் சுவர் கட்டியதாகத்தான் அர்த்தம். ஸ்லோவாக்கியாவில் சரக்குப் பெட்டக வடிவ வகுப்பறைகளை ரோமா குடியிருப்புகளின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். ஒன்றியம் 2020-இல் அறிவித்த பத்தாண்டுத் திட்டத்தில், 2030-க்குள் குறைந்தது 70% ரோமா பிள்ளைகள் பாலர் பள்ளியில், பிரித்து வைக்கும் தொடக்கப் பள்ளிகளில் படிப்போர் விகிதம் பாதியாகக் குறைய வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். இலக்கு சரியான இடத்தில் இருக்கிறது. நாடுகள் அதை எட்டுமா என்றால், இதுவரை பார்த்த வேகத்தில் எனக்குச் சந்தேகம்.

நீங்கள் செய்யக்கூடியது என்ன? பிர்னோவில் ரோமா பண்பாட்டு அருங்காட்சியகம் இருக்கிறது. 1991-இல் ரோமாக்களே முன்கை எடுத்துத் தொடங்கியது. ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு போய்ப் பாருங்கள், உங்கள் செக் நண்பர்களையும் அழைத்துப் போங்கள். நான் இங்கே எழுதியதை விட அங்கே அதிகம் தெரியும். உங்கள் நகரத்தில் ரோமா பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித்தரத் தன்னார்வலர்களைத் தேடும் அமைப்புகள் உண்டு, அருங்காட்சியகத்திலேயே விசாரிக்கலாம். கணிதமும் ஆங்கிலமும் சொல்லித்தர உங்கள் செக் மொழி சுமாராக இருந்தாலும் போதும். ஒரு வருடமாவது வாரம் தவறாமல் வர முடியும் என்றால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். பாதியில் போய்விடும் பெரியவர்களை அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே நிறையப் பார்த்திருக்கிறார்கள். நேராகக் குடியிருப்புக்குப் போய் எதையும் தொடங்காதீர்கள். அமைப்பு மூலமாகப் போங்கள், இந்தியாவிலிருந்து வந்தவர் என்று தெரிந்தால் பலர் வீட்டில் காபி போட்டுக் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். உங்களுக்கே சின்னப் பிள்ளை இருந்தால், பள்ளி தேர்ந்தெடுக்கும்போது ‘அங்கே ரோமாக்கள் அதிகம்’ என்று யாராவது எச்சரிப்பார்கள். உடனே ஒதுக்கிவிடாமல் அந்தப் பள்ளிக்கு நேரில் போய் வகுப்பைப் பார்த்து, ஆசிரியரிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.